ரோல்ஸ் சூடாக்கி மச்சானை உறைய வைத்த கதை

தன்னைவிட உயர்ந்த இடத்தில் இருப்பவனைப் பார்த்து எவனும் பொறாமைப்படலாம். அதில் என்ன கெட்டித்தனம்? தானே கை பிடித்துத் தூக்கிவிட்ட ஒருவன் வாசலில் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே வயிறு எரிவதற்குத்தான் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை எனக்கு உண்டு. நான் எதிலும் அரைகுறையாக இறங்குகிறவன் இல்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். (நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?) நான் படித்தது ஏழாம் வகுப்பு. அதிலும் வகுப்புக்குள் இருந்ததைவிட வெளியே முழங்காலில் நின்றதுதான் அதிகம். டென்மார்க்குக்கு வந்து எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். பனிக்கட்டிக்குள் கையை விட்டு விட்டு, இன்றைக்கும் எனக்குக் குளிர்காலத்தில் கையுறை தேவைப்படுவதில்லை. பிறகு வைலேக்கு வந்து, ஒரு வாளியும் ஒரு பழைய வான் வண்டியுமாகத் துப்புரவுக் கம்பனி தொடங்கினேன். இன்றைக்கு இந்த நகரத்தின் எந்தப் பெரிய கட்டடத்தைக் காட்டினாலும் அதன் கழிவறை எந்த மாடியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். எத்தனை படித்தவர்களால் இது முடியும்?

நந்தன் என் மனைவி சிவகலாவின் தம்பி. பள்ளிக்கூடம் போகும் வயதில் எங்களிடம் வந்து சேர்ந்தபோது, எஸ்பியர்க் காற்றில் குடையோடு சேர்ந்து பறக்கிற உடம்பு அவனுக்கு. அவனுக்குச் சைக்கிள் பழக்கியது நான். பெற்றோர் கூட்டத்துக்குப் போய், விளங்காத டேனிஷுக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தது நான். அவன் படித்தான். படித்துக்கொண்டே இருந்தான். இன்றைக்கு ஓர்ஹூஸில் ஒரு பெரிய நிறுவனத்தில் நெட்வேர்க் எஞ்சினியர்.

அதோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். அவன் நல்லவனாகவும் இருந்தான். குரலை உயர்த்த மாட்டான். வந்தால் நேரே குசினிக்குள் போய் அக்காவுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுப்பான். (அவன் போன பிறகு இரண்டு நாளைக்கு எனக்கு ஏச்சு விழும்.) எங்கள் வீட்டில் எது பழுதானாலும் "நந்தன் மாமாவைக் கேப்பம்" என்பதுதான் பேச்சு. போன் வேலை செய்யவில்லையா, நந்தன் மாமா. காரில் சத்தமா, நந்தன் மாமா. ஒருமுறை ஜன்னலோரம் இருந்த கறிவேப்பிலைக் கன்று வாடியதற்கும் நந்தன் மாமாதான். கறிவேப்பிலைக்கும் நெட்வேர்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். அவன் சொன்னபடி சட்டியை மற்ற ஜன்னலுக்கு மாற்றி வைத்தார்கள். அந்தச் சனியன் ஒரு கிழமையில் தளிர்த்துவிட்டது.

இப்படி நான் வெந்துகொண்டிருந்த காலத்தில்தான் என் கடைசி மகள் யாழினி ஜிம்னாசியத்தில் இறுதி வருடம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்கு முன் இங்கே பிள்ளைகள் படிக்கிற மேல்நிலைப் பள்ளி அது. அவளுக்குச் சட்டம் படிக்க ஆசை; அதற்குப் புள்ளிகள் மிக உயரத்தில் வேண்டும். மூன்று பேராகச் சேர்ந்து ஒரு குழுவேலை செய்ய வேண்டும் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"என்ன விசயம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"நெட் நியூட்ராலிட்டி அப்பா. அமெரிக்காவில அதைத் திரும்பக் கொண்டு வாறது பற்றி."

"அதென்ன சாமான்?"

டேனிஷில் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள். "இன்டர்நெட் லைன் வைச்சிருக்கிற கம்பனி இருக்கெல்லோ, அது எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தோணும். தனக்குப் பிடிச்ச ஆளின்ர வீடியோவைக் கெதியா விட்டிட்டு, பிடிக்காத ஆளின்ரயை மெல்ல விடக் கூடாது. அவ்வளவுதான்."

"லைன் ஆற்ற?"

"கம்பனியின்ர."

"பேந்தென்ன? என்ர வானில ஆரை ஏத்திறதெண்டு நான்தானே முடிவெடுக்கிறன்."

"அப்பா, போஸ்ட்காரன் உங்கட கடிதத்தை உடைச்சுப் பாத்து, தனக்குப் பிடிக்காத ஆள் எழுதினதெண்டால் பிந்திக் குடுத்தால் சரியோ?"

"ஆற்ற கடிதமெண்டு முதல்ல சொல்லு. பிறகு சொல்லுறன்."

சிவகலா சோற்றுக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "உன்ர அப்பரைப் போஸ்ட்காரனா விட்டிருந்தால் என்ர வீட்டுக் கடிதம் ஒண்டும் எனக்கு வந்திருக்காது."

அமெரிக்காவில் இதற்கு ஒரு விதி இருந்ததாம். அதை எடுத்தார்களாம். திரும்பக் கொண்டு வந்தார்களாம். நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டதாம். அதை எப்படி மறுபடி நிலைநாட்டலாம் என்று வைலேயில் இருந்து மூன்று பிள்ளைகள் யோசனை சொல்லப் போகிறார்கள். (அமெரிக்கா காத்துக்கொண்டிருந்தது.) இதில் துறை தெரிந்த ஒருவரை வீடியோவில் பேட்டி எடுத்தே ஆக வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். பேட்டி இல்லையென்றால் வேலை முடியவில்லை என்றுதான் கணக்கு.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சரி. எப்ப எடுக்கப் போறியள்? நான் கோட்டுப் போடவோ?"

யாழினி விழித்தாள். "உங்களையோ? அப்பா, உங்களுக்கு இன்டர்நெட்டைப் பற்றி என்ன தெரியும்?"

"கம்பனி நடத்திறவன் எப்பிடி யோசிப்பானெண்டு தெரியும். வேற என்ன வேணும்?"

"நாங்கள் நந்தன் மாமாவைக் கேட்டிட்டம். அவர் ஓமெண்டிட்டார்."

எனக்குப் புரைக்கேறியது. தண்ணீர் எடுத்துத் தந்தவள் சிவகலா. அவள் முகத்தில் தம்பியைப் பற்றிய பெருமை வழிந்துகொண்டிருந்ததால் தண்ணீரும் கொஞ்சம் வழிந்தது.

இங்கே ஒரு இரகசியம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இன்டர்நெட் பெட்டி இருப்பது குசினித் தட்டில், மைக்ரோவேவுக்கு நேர் மேலே. அங்கே வைத்தது நான்தான். பெட்டியைப் பொருத்த வந்த பையன் வேறு இடம் சொன்னான். என் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று நேற்று முளைத்தவன் எனக்குச் சொல்வதா என்று அங்கேயே வைக்கச் சொன்னேன். நான் காலையில் குசினி மேசையில் இருந்து டப்லெட்டில் ஊர்ச் செய்தி பார்ப்பவன். பாலைச் சூடாக்கினால் செய்தி வாசிக்கிற பெண் வாய் திறந்தபடி நின்றுவிடுவாள். பால் சூடாகி 'டிங்' என்று மணி அடித்ததும் மறுபடி வாசிப்பாள். மைக்ரோவேவ் ஓடினால் பக்கத்தில் இன்டர்நெட் செத்துவிடும் என்று இப்படித்தான் கண்டுபிடித்தேன். யாழினியின் அறை மேல் மாடியில், வீட்டின் மற்ற முனையில். அவளுக்கு இது தெரியாது. சிவகலா பார்ப்பது சாதாரண டிவி, அவளுக்கும் தெரியாது. நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வார்கள்? "நந்தன் மாமாவைக் கேப்பம்." அதைவிட அந்தப் பெண் வாய் திறந்தபடி நிற்கட்டும்.

பேட்டி சனிக்கிழமை பின்னேரம் என்று முடிவானது. நந்தன் அந்தக் கிழமை வேலையாகச் சுவீடனில் இருந்தான். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஒரு மணித்தியாலம் பேச முடியும் என்றானாம். திங்கட்கிழமை வேலையை ஒப்படைக்க வேண்டும். வேறு நாள் இல்லை.

"எங்கட வீட்டில வைச்சுச் செய்யுங்கோ. பெரிய மேசை கிடக்கு," என்றேன் நான். குசினிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே எங்கள் வீட்டில் சுவர் கிடையாது. நந்தனை என் கண்ணுக்கு முன்னால் வைத்திருப்பது நல்லது என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். சத்தியமாக வேறு திட்டம் இல்லை.

சிவகலா முதியோர் இல்லத்தில் வேலை. அன்றைக்கு அவளுக்குப் பகல் முறை. விடியவே எழும்பி, வருகிற பிள்ளைகளுக்காக மட்டன் ரோல்ஸ் பொரித்துத் தட்டில் அடுக்கி வைத்துவிட்டுப் போனாள். போகும்போது கதவடியில் நின்று சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, பிள்ளையள் வந்தால் அவணில சூடாக்கிக் குடுங்கோ. மைக்ரோவில வையாதேங்கோ. தோல் மாதிரிப் போயிடும். விளங்குதோ?"

"ஓமோம். எனக்குத் தெரியாததோ?"

"தெரிஞ்சதெல்லாம் செய்யிற ஆள் நீங்கள் இல்லையே."

பிள்ளைகள் வந்தார்கள். மாக்னுஸ் என்பவன் கதவு நிலையில் தலை முட்டும் உயரம். ரோல்ஸைக் கண்டதும் கண் மின்னியது. ஃப்ரெயா என்பவள் மெலிந்த பெண். இறைச்சி தொட மாட்டாளாம். இருவரும் கை கொடுத்து "வணக்கம் செல்வா" என்றார்கள். (டேனிஷில்தான். நான் எழுதுவது தமிழ் என்பதால் இனி அவர்களும் தமிழ் பேசுவார்கள். அறுபது தாண்டியவனைப் பதினெட்டு வயது பெயர் சொல்லிக் கூப்பிடுவது இந்த நாட்டில் மரியாதைக் குறைவு இல்லை. செல்வராசாவில் பாதியைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் என் குறை.)

யாழினி மடிக்கணினியைத் திறந்தாள். நந்தன் தோன்றினான். உடம்பில் வெள்ளைச் சேட்டு, பின்னால் ஹோட்டல் ஜன்னல், அதற்கு வெளியே பனி. டிவியில் வருகிறவன் மாதிரியே இருந்தான்.

"அத்தான், எப்பிடிச் சுகம்?" என்றான் முதல் வேலையாக.

"இருக்கிறம்," என்றேன். சுகம் கேட்கிறானாம்.

யாழினி பதிவுப் பொத்தானை அழுத்தினாள். நந்தன் பேசத் தொடங்கினான். இரண்டாவது வசனத்திலேயே ஃப்ரெயா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மாக்னுஸ் எழுதுவதை விட்டுவிட்டு வாய் பார்த்தான். என் மகள் இருந்தாளே, அவள் முகம்! நான் வைலேயில் முதல் வானை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினபோது யாராவது என்னை அப்படிப் பார்த்தார்களா? (யாழினி அப்போது பிறக்கவில்லை. அது காரணம் ஆகாது.)

"லைன் கொடுக்கிறவர் கதவைத் திறந்து விடுகிறவர் மாதிரி. உள்ளே போகிறவரின் முகத்தைப் பார்த்து அவர் கதவைத் திறக்கக் கூடாது," என்றான் நந்தன்.

"ஆ!" என்றாள் யாழினி. "எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள் மாமா!"

நான் எழும்பினேன். கால்கள் தானாகக் குசினிக்குப் போயின. கை தானாக ஒரு ரோல்ஸை எடுத்து மைக்ரோவேவில் வைத்தது. விருந்தாளிகளுக்கு ஆறிய ரோல்ஸையா கொடுப்பது?

பொத்தானை அழுத்தினேன். நந்தன் நின்றான். ஒரு கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, தும்மலுக்கும் கொட்டாவிக்கும் நடுவே. படித்த மனிதன் ஒருவன் அத்தனை முட்டாளாகத் தெரிந்து நான் பார்த்ததே இல்லை. ஆசையாசையாகப் பார்த்தேன்.

டிங்.

"...அதுதான் முக்கியம்," என்றான் நந்தன், உயிர் வந்து.

"மாமா, நடுவில கேக்கேல்லை! திரும்பச் சொல்லுங்கோ," என்றாள் யாழினி.

திரும்பச் சொன்னான். முன்னைவிட நன்றாகச் சொன்னான். நான் இன்னொரு ரோல்ஸை வைத்தேன். இந்த முறை மூக்கைத் தொடப் போன விரலோடு உறைந்தான். மாக்னுஸ் சிரிப்பை அடக்கினான். எனக்கு நெஞ்சுக்குள் பனிக்காலம் முடிந்து வெயில் அடித்தது.

"லைன் சரியில்லைப் போல," என்று மேசைக்கு வந்தேன். "அதுக்குள்ள நான் ஒரு விசயம் சொல்லட்டோ? நான் கம்பனி தொடங்கினபோது..."

நான் பேசியபோது மைக்ரோவேவ் ஓடவில்லை. நந்தன் நன்றாகத்தான் தெரிந்தான். மரியாதைக்குப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நான் முடித்ததும் "அத்தான் சொல்வது நல்ல விசயம்தான். ஐரோப்பாவில் சட்டம்..." என்று தொடங்கினான். நான் குசினியில் நின்றேன்.

"செல்வா, நன்றி, எனக்குப் போதும்," என்றான் மாக்னுஸ், நாலாவது ரோல்ஸைப் பார்த்து. அவனுடைய தாடை களைத்திருந்தது. சிவகலா சொன்னது சரிதான்; அவை தோலாகத்தான் மாறியிருந்தன.

"அப்ப ஃப்ரெயாவுக்குத் தேத்தண்ணி," என்று ஒரு கோப்பைத் தண்ணீரை உள்ளே வைத்தேன். தேத்தண்ணிக்குச் சீனி கரையவில்லை என்று ஒருமுறை. ஆறிவிட்டது என்று ஒருமுறை. கடைசியில் உள்ளே எதை வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை. நந்தன் வாயைத் திறப்பான். நான் கதவைச் சாத்துவேன். அவன் நிற்பான், பிள்ளைகள் "ஐயோ" என்பார்கள், நான் என் கம்பனியின் வரலாற்றில் அடுத்த கட்டத்துக்குப் போவேன்.

பாதி நேரம் இப்படியே போய்விட்டது. யாழினி பதிவை ஓட விட்டுப் பார்த்தாள். நந்தனின் ஒரு பதிலாவது முழுதாக இல்லை. முழுதாக இருந்தது எஸ்பியர்க் மீன் தொழிற்சாலை மட்டும்.

"இதை ஒப்படைக்க ஏலாது," என்றாள். "பேட்டி இல்லாட்டி எங்களுக்குப் புள்ளி இல்லை. எனக்கு இந்தப் புள்ளி வேணும் அப்பா."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொஞ்சம் உறைத்தது. சரி, இனி அவனைப் பேச விடுவோம் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் என் கதையைக் கேட்டுவிட்டார்கள், எனக்குப் போதும். அந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஆனால் யாழினி போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். எங்கள் வீடு மேட்டுச் சரிவுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. (அழகுக்காக வாங்கினேன்.) வீட்டுக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை; வாசற்படியில் நின்றால் பேச்சு மட்டும் கேட்கும். மழையில் நின்று நந்தனோடு பேசினாள். திரும்பி வந்தபோது முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"நந்தன் மாமா கண்டுபிடிச்சிட்டார்!" என்றாள். பிறகு மற்ற இருவருக்கும் டேனிஷில் சொன்னாள். "சனிக்கிழமைகளில் வீடியோவை லைன் கம்பனியே மெல்ல விடுகிறதாக இருக்கலாமாம். அப்படி இருந்தால் இது எங்களுக்கு உதாரணம்!"

"அவர் ஒரு மேதை," என்றாள் ஃப்ரெயா.

"சுவீடனில் இருந்துகொண்டே இங்கே பழுதைக் கண்டுபிடிக்கிறார்," என்றான் மாக்னுஸ், தாடையைத் தேய்த்தபடி.

மேதை! நான் ஒரு பின்னேரம் முழுக்க நின்று உழைத்திருக்கிறேன். என் கண்டுபிடிப்பு, என் கைவேலை, என் ரோல்ஸ். பெயர் அவனுக்கா? அதுவும் பிழையான பதிலுக்கா?

"பிழை!" என்று கத்தினேன். "அவனுக்கு ஒண்டும் தெரியாது! கம்பனியும் இல்லை, ஒண்டும் இல்லை. அது நான்!"

எல்லோரும் திரும்பினார்கள். எனக்கு அந்தத் திரும்பல் பிடித்திருந்தது.

"அவனைத் திரும்பக் கூப்பிடு," என்றேன். யாழினி கூப்பிட்டாள். நந்தன் தோன்றினான். "நந்தன், எதாவது கதை."

"அத்தான், என்ன கதைக்க?" என்றான்.

"பாருங்கள்," என்று பிள்ளைகளுக்கு என் தொழிற்சாலை டேனிஷில் அறிவித்து, மைக்ரோவேவை ஓட விட்டேன். நந்தன் நின்றான். நிறுத்தினேன். டிங். நந்தன் அசைந்தான். மறுபடி ஓட விட்டேன். நின்றான். சந்தையில் பாத்திரம் விற்கிறவன் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டினேன். "இப்ப விளங்குதா? வேண்டும்போது விடுவேன், வேண்டாதபோது நிறுத்துவேன். என் வீடு, என் லைன். யார் பேச வேண்டும் என்று நான் முடிவெடுப்பேன்!"

யாரும் கை தட்டவில்லை.

மடிக்கணினியில் சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். திரும்பக் கூப்பிட்டபோதே யாழினி பதிவையும் தொடங்கியிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது என் காதுக்கே வந்து சேர்ந்தது. (எங்கள் வீட்டில் எல்லாமே கொஞ்சம் பிந்தித்தான் வரும்.)

"அப்பா," என்றாள் யாழினி, "வேணுமெண்டோ செய்தனீங்கள்?"

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சிவகலா. கோட்டுக் கழற்றும் முன்பே தட்டில் கிடந்த ஒரு ரோல்ஸை எடுத்து அமத்திப் பார்த்தாள். அது வளைந்தது, உடையவில்லை.

"மைக்ரோவில வைச்சிருக்கிறியள்," என்றாள்.

"அதை அவர் ஏற்கனவே சொல்லிட்டார் அம்மா," என்றாள் யாழினி.

சிவகலாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திரையில் தம்பி, மேசையில் மகளின் ஈரக் கண், குசினியில் நான். நேரே போய் மைக்ரோவேவின் வயரைப் பிடுங்கினாள். பிடுங்கி அதை என் கையிலேயே தந்தாள். "இதைப் பிடிச்சுக்கொண்டு அந்த மூலையில இருங்கோ. பிள்ளையள் முடிக்கட்டும்."

இருந்தேன். நந்தனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. தடங்கல் இல்லாமல் பேசினான். நான் வயரோடு இருந்து கேட்டேன். அவன் நன்றாகப் பேசினான் என்று எழுத என் பேனா மறுக்கிறது.

அவன் போன பிறகு யாழினி என்னிடம் வந்தாள். கோபம் வந்தால் அவள் டேனிஷில்தான் பேசுவாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள், அதனால்தான் பயந்தேன்.

"அப்பா, உங்களை நான் ஏன் பேட்டி எடுக்கேல்லை தெரியுமோ?"

"நான் படிக்காதவன்..."

"இல்லை. உங்களிட்டைக் கேள்வி கேக்க ஏலாது. கேக்க முதல் நீங்கள் தொடங்கிடுவியள். நான் பிறந்த நாளில இருந்து அந்த மீன் ஃபக்டரியைக் கேட்டுக்கொண்டு வாறன். நீங்கள் என்னட்டை ஒரு கேள்வி கேட்டிருக்கிறியளோ?"

மைக்ரோவேவ் ஓடாமலே நான் உறைந்து நின்ற முதல் தரம் அதுதான்.

ஃப்ரெயாதான் மெதுவாகச் சொன்னாள். "யாழினி, நாம் ஏன் இப்போது கேட்கக் கூடாது?" மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "செல்வா, அவருடைய பேச்சை ஏன் நிறுத்தினீர்கள்?"

"ரோல்ஸ் ஆறிவிடும்."

"நீங்கள் பேசியபோது ரோல்ஸ் ஆறவில்லையா?"

மாக்னுஸ் இருமினான். நான் வயரைச் சுற்றினேன். யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தாள். என் மகள் என் பதிலுக்காகக் காத்திருந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அவன் பேசினால் என்னை யாரும் கேட்பதில்லை," என்றேன்.

"இந்தப் பழுதை முன்னமே வீட்டில் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் இவர்கள் அவனைக் கூப்பிட்டுச் சரிப்படுத்தி விடுவார்கள். பிறகு என் கையில் என்ன இருக்கும்?"

ஃப்ரெயாவும் மாக்னுஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாழினி எழுத ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள். "அப்பா," என்றாள், தலை நிமிராமலே, "இதைத்தான் நாங்கள் ரெண்டு கிழமையாத் தேடினனாங்கள்."

அவர்கள் வேலையின் தொடக்கமே என் முகம்தான். "என் வீடு, என் லைன்" என்று நான் கையை விரிக்கிறேன்; பக்கத்தில் நந்தன் வாய் திறந்தபடி உறைந்து நிற்கிறான். முழு வகுப்பும் சிரித்ததாம். ஆசிரியர் இரண்டு தரம் போட்டுப் பார்த்தாராம். இந்த நாட்டில் கொடுக்கக்கூடிய மிக உயர்ந்த புள்ளி கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். நந்தனின் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒருமுறைதான் கேட்டேன். அகர வரிசை என்றார்கள். அந்த வரிசை எந்த ஊரில் அப்படிப் போகிறதோ தெரியாது.

அடுத்த கிழமை நந்தன் வந்தான். வழமைபோல் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினான். நான் துணி எடுத்துத் துடைத்தேன். (வாழ்க்கையில் முதல் தரம். சிவகலா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.)

"அத்தான், எனக்கு ரெண்டாந் தரமே தெரியும்," என்றான் அவன் மெல்ல.

"என்ன தெரியும்?"

"படம் திரும்பி வரேக்க எல்லாம் முதல்ல கேட்டது 'டிங்'தான். நெட்வேர்க் வேலை செய்யிறவனுக்கு இது தெரியாதே?"

"பேந்து ஏன் கம்பனி செய்திருக்கும் எண்டு சொன்னனீ?"

"பிள்ளைக்கு முன்னால உங்களைக் காட்டிக் குடுக்க ஏலுமே? வைலேக்கு வந்த புதுசில நான் உங்கட வானைக் கொண்டுபோய் மதில்ல இடிச்சதுக்கு, நீங்கள் இடிச்சதெண்டுதானே அக்காவுக்குச் சொன்னனீங்கள்."

எனக்கு அந்த வான் நினைவிருந்தது. அவன் இடித்தது மறந்தே போய்விட்டது. இத்தனை வருடமாக நான்தான் இடித்தேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். நான் செய்த நல்ல காரியத்தைக்கூட எனக்குப் பதிலாக அவன்தான் நினைவில் வைத்திருக்கிறான். அதிலும் அவன்தான் முந்தி. அன்றைக்கே அவனிடம் இன்டர்நெட் பெட்டியை நல்ல இடத்துக்கு மாற்றித் தரச் சொன்னேன். பாத்திரத்தைத் துடைத்து முடிப்பதற்குள் மாற்றிவிட்டான். நான் கேட்ட முதல் உதவி. அதையாவது கொஞ்சம் சிரமப்பட்டுச் செய்திருக்கலாம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். ரண்டர்ஸில் கலியாண வீடாக இருந்தாலும், எஸ்பியர்க்கில் பிறந்தநாளாக இருந்தாலும், ஒருவர் பேசும்போது இன்னொருவர் நடுவில் பாய்ந்தால், எங்கிருந்தாவது ஒரு குரல் "டிங்!" என்னும். பாய்ந்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாய்கிறவர் பெரும்பாலும் நான்தான் என்பதால் எனக்கு இப்போது பேசக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு. அதனால்தான் எழுதத் தொடங்கினேன். எழுத்தில் யாரும் டிங் சொல்ல முடியாது.

அந்தக் கோடையில் யாழினி, ஜிம்னாசியம் முடித்தவர்கள் போடுகிற வெள்ளைத் தொப்பி போட்டாள். பரீட்சை முடிந்த பிள்ளைகள் இங்கே ஒரு லொறியில் ஏறி, பாட்டும் கூச்சலுமாக ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவார்கள். லொறி எங்கள் பள்ளத்துக்குள் இறங்கி வந்தது. வாசலில் சிவகலா ரோல்ஸ் தட்டோடு நின்றாள். (அவணில் சூடாக்கியது.) பக்கத்தில் நந்தன், நல்ல கோட்டோடு. அவனுக்குப் பக்கத்தில் நான்.

லொறி நின்றதும் வகுப்பு முழுக்க என்னைக் கண்டு கையைத் தூக்கி, ஒரே குரலில் கத்தியது.

"டிங்!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் இரண்டு கையையும் உயர்த்தி வாங்கிக்கொண்டேன். ஓடி வந்து என்னோடு நின்று படம் எடுத்தார்கள். மாக்னுஸ் என் தோளில் கை போட்டான். ஒரு பையன் நந்தனிடம் தன் போனைக் கொடுத்து, "கொஞ்சம் படம் எடுத்துத் தருவீர்களா?" என்று கேட்டான். அவன் யாரென்று அந்தப் பையனுக்குத் தெரியவே இல்லை! யாழினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "இவர் என்ர அப்பா" என்று யாருக்கோ சொன்னாள்.

நான் வென்றுவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு வென்றுவிட்டேன். அதை நன்றாக அனுபவிக்க வேண்டும் என்று நந்தனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். பொறாமை ஒரு முகத்தில் எந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கண், மூக்கு, கன்னம், எல்லா இடமும் தேடினேன்.

அவன் போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "அத்தான், இன்னும் கொஞ்சம் சிரியுங்கோ" என்றான். மனதாரச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தான், படுபாவி.

அந்தப் படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும், ஒரு கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் கோணி, உறைந்து நிற்கிறேன்.